‘ஆமாங்க’ மாப்பிள்ளையின் கடைசிப் பேப்பர்

படைவீரர்களுக்கு இணைய வழியில் பட்டப்படிப்பு நடத்தும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற ஆலோசகர் என்ற முறையில் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. போகட்டும், மாட்டிக்கொண்டீர்கள்.

போன வாரம் உங்கள் வகுப்பு ஒன்றை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒட்ட வெட்டிய முடியோடு ஒரு முகம். பாடம் நடத்திய பெண், “எல்லாருக்கும் புரிந்ததா?” என்று கேட்டாள். அத்தனை கட்டத்திலும் கட்டைவிரல் எழுந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியைத் தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இதே பதில்தான் எனக்கும் வந்தது.

அப்போது அஞ்சல் வழிக் கல்விதான். பாடங்கள் தபாலில் போகும், பயிற்சித் தாள்கள் தபாலில் வரும். எங்கள் படிப்பு மையம் ஒரு கல்லூரியின் பின்கட்டில் இரண்டு அறைகளில் நடந்தது. காங்கேயம், பெருந்துறை, சென்னிமலைப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர் எங்களிடம் பதிந்து படித்தார்கள். விடுப்பில் ஊருக்கு வரும்போது மையத்துக்கு வந்து வகுப்பில் உட்காருவார்கள். விடுப்பில் வந்த மனிதருக்கு வீட்டில் ஆயிரம் வேலை காத்திருக்கும். கிணற்று மோட்டாரைக் கழற்ற வேண்டும், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், ஊர்த் திருவிழா நோம்பிக்கு நிற்க வேண்டும். அதற்கு நடுவில் எங்கள் பொருளியலுக்கும் நேரம் ஒதுக்கி வந்தார்களே என்று எனக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் அவர்களோடு ஒரு சிக்கல் இருந்தது. பட்டாளத்தில் மேலே இருப்பவர் கேட்டால் ‘ஆமாம்’ தவிர வேறு பதில் கிடையாது. எங்கள் கொங்கு நாட்டிலோ, எதிரே இருப்பவர் முகம் வாடும்படி ‘இல்லை’ என்று சொல்வதை மரியாதையாக யாரும் நினைப்பதில்லை. “பார்க்கலாங்க” என்று இழுப்பார்கள், “செஞ்சுபோடலாங்க” என்று சொல்லி அனுப்புவார்கள், முடியாது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். இந்த இரண்டு பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எனக்குக் காட்டியவர் கதிர்வேல்.

கதிர்வேலுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். வடகிழக்கு எல்லையில், ராணுவத்தில் லான்ஸ் நாயக் பதவி. நெடுநெடுவென்ற உருவம், நாற்காலியில்கூட விறைப்பாகத்தான் உட்காருவார். பி.ஏ. பொருளியலில் சேர்ந்திருந்தார். முதல் தொடர்பு வகுப்புக்கு வந்த நாளில், வாசலில் நின்ற யாரோ தவறான அறையைக் கை காட்டிவிட்டார்கள். காலை முதல் சாயங்காலம் வரை வணிகவியல் மாணவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் நான் கேட்டேன். “வகுப்பு எப்படிங்க இருந்தது?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க மேடம்.”

“எல்லாம் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க மேடம்.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பற்றும் வரவும். “இது உங்க பாடமே இல்லையே, கதிர்வேல்?”

“ஆமாங்க மேடம்.”

எனக்குச் சட்டென்று கோபம் வரும்; அதைவிடச் சட்டென்று சிரிப்பு வரும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக வந்தன. ஒரு நாள் முழுக்க வேறு பாடத்தைக் கேட்டுக்கொண்டு, நடத்துகிறவர் மனசு நோகக் கூடாது என்று தலையாட்டியிருக்கிறார் மனிதர்.

அவருடைய ஆசை என்ன தெரியுமா? ஆசிரியர் ஆவது. படைக்குள்ளேயே வீரர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு பிரிவு உண்டு. பட்டம் இருந்தால் அதற்கு மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். தன் முகாமில் எழுதப் படிக்கத் தடுமாறும் பையன்களுக்கு ஓய்வு நேரத்தில் அவர் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த விறைப்பு கொஞ்சம் தளரும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. தெரியாது என்று சொல்ல வாய் வராத ஆள் எப்படி வாத்தியார் ஆவார்? வாத்தியார் வேலையில் பாதி நேரம் அதைத்தானே சொல்ல வேண்டியிருக்கும்!

ஆனால் படிப்பில் குறை வைக்கவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து படித்து ஒவ்வொரு பேப்பராகத் தாண்டி வந்துவிட்டார். புள்ளியியல் ஒன்றுதான் பாக்கி. அவர் படிக்காமல் இல்லை. இரண்டு முறை தேர்வு நேரத்தில் படைப்பிரிவு இடம் மாறியது, விடுப்புக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டோடு ஆசிரியர் பிரிவுக்கான வயது வரம்பும் முடிகிறது. இந்த முறை எழுதினால் உண்டு, இல்லையென்றால் அந்த ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த முறை விடுப்புக் கிடைத்தது. தேர்வு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலை நுழைவுச்சீட்டு வாங்க வந்தவர், ஒரு தாம்பூலத் தட்டில் கல்யாணப் பத்திரிகையை வைத்து நீட்டினார். முகத்தில் வெட்கம். நான் வாழ்த்திவிட்டு, அன்று காலையில்தான் வந்த செய்தியைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பந்த் என்பதால் தேர்வு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

“சரிங்க மேடம்” என்றார். சீட்டை வாங்கிக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டார். போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் பத்திரிகையைப் பிரித்தேன். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை விடியற்காலை, சென்னிமலையில். அது போதாதென்று மாப்பிள்ளையின் பெயரைப் பார்த்தேன். ‘கதிர்வேல், பி.ஏ.’ என்று பொன்னிற எழுத்தில் பளபளத்தது.

எனக்கு ஓடத் தெரியும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன்.

“கதிர்வேல், வெள்ளிக்கிழமைதானே உங்களுக்குக் கல்யாணம்?”

“ஆமாங்க மேடம். நீங்க அவசியம் வரோணுங்க.”

“வெள்ளிக்கிழமைதானே பரீட்சை?”

“ஆமாங்க மேடம்.”

“ரெண்டையும் எப்படிங்க செய்வீங்க?”

“செஞ்சுபோடலாங்க மேடம்.”

“சரி, பேருக்குப் பின்னாடி இது என்ன?”

டீ கிளாஸுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்தார். “மாமா போட்டுட்டாருங்க.”

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அவருடைய தாய்மாமன்தான் சம்பந்தம் பேசி முடித்தவர். பெண் வீட்டில் போய், மாப்பிள்ளை பட்டாளம், பி.ஏ. என்று சொல்லிவிட்டார். ஒரு பேப்பர்தானே பாக்கி, அதெல்லாம் ஆனமாதிரிதான் என்பது அவர் கணக்கு. பத்திரிகை அடிக்கப் போகும்போது, “கண்ணு, பி.ஏ. போட்டுரலாமல்ல?” என்று கேட்டிருக்கிறார். கதிர்வேல் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை சத்தமில்லாமல் பரீட்சையை எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை தாலி கட்டிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். பந்த் வந்து அந்தத் திட்டத்தைக் கவிழ்த்துவிட்டது.

“பொண்ணு வீட்டுல சொல்லியாச்சா?”

“சொல்லிப்போடலாங்க மேடம்.”

அப்படியென்றால் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை என்று அர்த்தம். முகூர்த்தத்துக்குப் பிறகு மாப்பிள்ளை காணாமல் போனால் மண்டபமே கொந்தளிக்கும். பரீட்சையை விட்டால் வயது வரம்பு போய்விடும், பத்திரிகையில் போட்ட பி.ஏ. காலத்துக்கும் பொய்யாக நிற்கும். இங்கே நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘இது மாணவரின் சொந்த விஷயம்’ என்று நாற்காலிக்குத் திரும்பியிருக்கலாம். விதிப்படி அது சரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே பெண் வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். சொன்னால் அவர் காட்டிக்கொடுக்கப்பட்ட ஆள் ஆகிவிடுவார். அவரே சொன்னால் ஒத்துக்கொண்ட ஆள். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு இந்த இரண்டும் ஒன்றாகாது.

“டீயைக் குடிங்க. நாம சென்னிமலைக்குப் போறோம்” என்றேன்.

“சரிங்க மேடம்” என்றார். அந்த ஒரு ‘சரிங்க’வை நம்பாமல் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெண்ணின் அப்பாவிடம் சொல்வதற்காக, பஸ்ஸில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். ‘மாமா, நான் இன்னும் பி.ஏ. முடிக்கலீங்க.’ அணிவகுப்பில் கட்டளை சொல்கிற மாதிரி அதைக் கணீரென்று திருப்பிச் சொன்னார். அவிநாசி தாண்டியும் சொன்னார். பெருந்துறைக்குச் சற்று முன்னால் எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் திரும்பி, “ஏனுங்க தம்பி, இந்நேரம் உங்க மாமனாருக்கே கேட்டிருக்குமுங்க” என்றார். பஸ்ஸே சிரித்தது. கதிர்வேலும் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பெண் வீட்டில் முன்கூடத்தில் கைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதி நெய்த பெட்ஷீட்டில் நீலமும் சிவப்புமாகக் கோடுகள். பெண்ணின் அப்பா சென்னியப்பன் தறியிலிருந்து எழுந்து வந்தார். மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்ததில் அவருக்குத் திகைப்பு, கூடவே ஒரு டீச்சர் வந்ததில் பெருமை.

“வாங்க மாப்ள, வாங்க. எல்லாம் சௌரியந்தானுங்களே?”

“ஆமாங்க மாமா.”

“கல்யாண வேலையெல்லாம் ஒண்ணும் கொறையில்லீங்களே?”

“ஆமாங்க மாமா.”

பெருந்துறைவரை கணீரென்று ஒலித்த வாக்கியம் எங்கே போய் ஒளிந்ததோ. காபி வந்தது, முறுக்கு வந்தது. சென்னியப்பன் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். “பவர்லூம் வெச்சிருக்கற பையன் ஒருத்தன் கேட்டு வந்தானுங்க டீச்சர். என்ற பொண்ணுதான் படிச்ச மாப்பிள்ளை வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இப்ப பத்திரிகையப் பாத்துப்போட்டு ஊரே மெச்சுதுங்க.” கதிர்வேலின் காபி ஆறிக்கொண்டிருந்தது. என் நாக்கு துடித்தது. நான் வாயைத் திறந்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். திறக்கக் கூடாது என்று ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். அது முடிந்ததும் அடுத்ததை எடுத்தேன். பேசாமல் இருப்பதுதான் நம் தொழிலிலேயே கஷ்டமான வேலை, அதுவும் என்னைப் போன்றவளுக்கு.

கூடத்தின் மூலையில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண் அதை நிறுத்தினாள். பூங்கொடி. கல்யாணப் பெண். அதுவரை தலை நிமிராமல் இருந்தவள் எழுந்து வந்து தூணருகே நின்றாள். நான் அடுக்கடுக்காக முறுக்குத் தின்பதையும் மாப்பிள்ளை காபியைத் தொடாததையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“ஏனுங்க” என்றாள் அவரைப் பார்த்து. “ஏதோ சொல்றதுக்குத்தானே வந்தீங்க?”

“ஆமாங்க.”

“சொல்ல வாய் வரமாட்டேங்குதா?”

“ஆமாங்க.”

“கல்யாணத்தப் பத்தியா?”

அவர் தயங்கினார். என்னைப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். கேள்வியை மாற்றினாள்.

“இவிய உங்க படிப்பு டீச்சருதானே?”

“ஆமாங்க.”

“அப்ப படிப்பு இன்னும் முடியாம இருக்குதா?”

“ஆமாங்க.” இந்த முறை குரல் எழும்பவில்லை.

“பத்திரிகைல பி.ஏ.ன்னு போட்டது தப்புத்தானா?”

“ஆமாங்க.”

கூடத்தில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “என்னுங்க மாப்ள இது? ஊரு பூராப் பத்திரிகை குடுத்துப்போட்டு வந்திருக்கறேன். சொந்தபந்தம் மொகத்துல நான் எப்படி முழிக்கறது?” அவர் கண்ணில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. நான் பாதி முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கல்யாணம் இதோடு நின்றுவிடும், அதற்கு நானே பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறேன் என்று பயந்துபோனேன்.

பூங்கொடி அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே போனாள்.

“பரீட்சைக்கு லீவு கேட்டும் பட்டாளத்துல குடுக்காம இருந்தாங்களா?”

“ஆமாங்க. ரெண்டு தடவை.”

“பத்திரிகைல போட்டது உங்க மாமாதானா?”

“ஆமாங்க. நான்... நான் வேண்டாம்னு சொல்லோணும்னுதான்...”

“வாய் வரலியா?”

“ஆமாங்க.”

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் வந்த சிரிப்பு. “ஏனுங்கப்பா, பொய் சொல்லத் தெரிஞ்சவரா இருந்தாத்தான் நான் பயப்படோணும். இவியளுக்கு இல்லைன்னு சொல்லத்தான் தெரியல. அதைச் சொல்லிக் குடுத்துப்போடலாம்.” பிறகு என்னிடம் திரும்பி, “பரீட்சை எப்பங்க டீச்சர்?” என்றாள்.

“வெள்ளிக்கிழமை காலையில. பத்து மணிக்கு. கோயமுத்தூர்ல.”

“முகூர்த்தம் விடியறதுக்குள்ள முடிஞ்சுருதுங்க. காரு வெச்சுட்டுப் போனா எட்டிப்போடலாம். எழுதிப் பாஸ் பண்ணிட்டா பத்திரிகைல போட்டது மெய்யாயிருமல்லங்கப்பா?”

சென்னியப்பன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. முகூர்த்தத்துக்கு முன்னால் மணமக்கள் கையில் கங்கணம் கட்டுவார்கள் அல்லவா, அது கையில் இருக்கும்போது மாப்பிள்ளை தனியாக ஊர் எல்லை தாண்டக் கூடாது, பெண்ணும் கூடவே போக வேண்டும். கங்கணத்தைப் பெண்ணுக்கு மாப்பிள்ளையும் மாப்பிள்ளைக்குப் பெண்ணும்தான் அவிழ்க்க வேண்டும்; அதைத் திரும்பி வந்து, மண்டபத்தில் மீதிச் சீர்களோடு வைத்துக்கொள்ளலாம். “பந்தி போட்டுக்கிட்டே இருக்கறோம். சோறு ஆறுறதுக்குள்ள வந்துருங்க மாப்ள” என்றார். அப்போதும் முகம் முழுசாகத் தெளிந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் பூங்கொடியைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். ‘இல்லை’ என்று சொல்ல வராதவரிடம் ‘ஆமாம்’ என்பதே உண்மையாகும்படி கேட்டாளே, அதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. மறுவாரத்திலிருந்து வகுப்பில் ‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். ‘இந்தப் பகுதி கஷ்டமாக இருக்கிறதா?’ என்று கேட்டேன். “ஆமாங்க மேடம்!” என்று கூரை பெயர்ந்தது. எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தார்களோ! நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் கட்டைவிரல்கள் அப்போதாவது உண்மை பேசும்.

வெள்ளிக்கிழமை காலை தேர்வுக்கூட வாசலில் நான் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்துவிட்டது. கதிர்வேலைக் காணோம். தாமதமாக வருகிறவர்களை அரை மணி நேரம்வரை உள்ளே விடுவார்கள். அதற்கு மேல் கதவு மூடிவிடும். வழியில் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி ஒன்று நின்று அவர்கள் உயிரை வாங்கியது எனக்கு அப்போது தெரியாது. கதவு மூடச் சற்று நேரம் இருக்கும்போது, கார் ஒன்று புழுதியோடு வந்து நின்றது. பட்டு வேட்டி, சந்தனம், நெற்றியில் கல்யாணப் பட்டம் கட்டிய தடம், கழுத்தில் மாலை. இறங்கிய வேகத்தில் மாலையைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு மாப்பிள்ளை ஓடி வந்தார்.

வாசலில் தேர்வுக் கண்காணிப்பாளர் மறித்தார். வேறு கல்லூரியிலிருந்து வந்தவர், கறாரான மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய தேர்வில்தான் ஒருவர் தாயத்துக்குள் துண்டுச்சீட்டைச் சுருட்டிக் கொண்டுவந்து அவரிடம் பிடிபட்டிருந்தார். கதிர்வேலின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் துணியில் பொதிந்த சின்ன முடிப்பு.

“கையில என்ன?”

“கங்கணமுங்க சார்.”

“உள்ளே என்ன இருக்கு? அவிழ்த்துக் காட்டிட்டு உள்ளே போங்க.”

கதிர்வேல் விறைத்து நின்றார். எதிரே அதிகாரி, கட்டளை, ஓடுகிற கடிகாரம். அவர் ‘சரிங்க’ சொல்ல வாய் திறப்பதைப் பார்த்தேன். நானே மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். கயிறுதானே, வெட்டினால் ஆயிற்று, வருடக் கணக்கான படிப்பு வாசலில் நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

“முடியாதுங்க சார்” என்றார் கதிர்வேல்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியவில்லை. கண்காணிப்பாளருக்கும்தான்.

“என்ன சொன்னீங்க?”

“முடியாதுங்க சார்.” குரல் நடுங்கியது, ஆனால் நின்றது. “நான் பரீட்சை எழுதோணுங்க. இது எனக்குக் கடைசிப் பேப்பருங்க. ஆனா இதை நான் அவுக்க மாட்டேன், மேடமும் வெட்டக் கூடாதுங்க. என்னையக் கட்டிக்கிட்டவியதான் அவுக்கோணும். வெளிய காருல இருக்கறாங்க. நீங்க பாத்துக்கிட்டே இருங்க, அவிய வந்து அவுத்துக் குடுப்பாங்க.”

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். நான் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். “சீக்கிரம் கூட்டிட்டு வாங்க” என்றார்.

பூங்கொடி வந்தாள். கூறைச் சேலை, வியர்வையில் கலைந்த பொட்டு, கையில் அவளுடைய கங்கணம். மண்டபத்தில் நடக்க வேண்டியது இங்கே நடப்பதைப் பற்றி அவள் மலைக்கவில்லை. “எடம் மாறுனாப் பரவால்லீங்க, ஆளு மாறக் கூடாது, அவ்வளவுதான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, வழக்கப்படி ஒற்றைக் கையால் முடிச்சைப் பிரித்தாள். உள்ளே எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முடிப்பைக் கண்காணிப்பாளர் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் துண்டும் சில அரிசியும். அதை அவர் திரும்ப முடிந்து பூங்கொடியின் உள்ளங்கையில் வைத்தார். “போய் நல்லா எழுதுங்க தம்பி” என்றார், குரல் மாறிப்போய்.

கதிர்வேல் அவளுடைய கையைப் பார்த்தார். “உங்களுது?”

“வந்து அவுத்துக்கலாங்க. மொதல்ல போங்க.”

கதவு மூடுமுன் அவர் உள்ளே போய்விட்டார்.

பூங்கொடி என் அறையில் காத்திருந்தாள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லையாம், இரண்டு பன் சாப்பிட்டாள். பாஸ் செய்தாரா என்று உங்களுக்கு இருப்புக் கொள்ளாது, செய்தார். சென்னியப்பனின் பத்திரிகை சில மாதம் தாமதமாக மெய்யானது. ஆசிரியர் பிரிவுக்கும் போனார். ஆனால் அவர் நல்ல வாத்தியார் ஆவார் என்று நான் முடிவு கட்டியது முடிவுகள் வந்தபோது இல்லை, அன்று மதியமே.

தேர்வு முடிந்து வெளியே வந்தவர் நேராக வந்து பூங்கொடியின் முன்னால் நின்றார். அவள் கையை நீட்டினாள். ஒற்றைக் கையால் அவிழ்ப்பது அவருக்கு அவ்வளவு லேசாக வரவில்லை. முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தவரிடம் அவள் கேட்டாள்.

“நல்லா எழுதுனீங்களா?”

“ஆமா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். முடிச்சிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

“மூணாவது கேள்வி சுத்தமாத் தெரியிலீங்க” என்றார்.

பூங்கொடி நீட்டிய கையை எடுக்கவே இல்லை. “இப்படிச் சொன்னா எவ்வளவு நல்லா இருக்குது பாருங்க” என்றாள்.